எலும்பு கூடும்வரை இருந்தால் போதும்

கொழிஞ்சாம்பாறையில் என் தாய்மாமா வீட்டு அலமாரியில், பழைய பத்திரக் கட்டுக்குப் பக்கத்தில், ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கிறது. உள்ளே ஒரு எவர்சில்வர் பட்டை, ஏழு திருகாணிகள். பைக்கிலிருந்து விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தபோது வைத்த பிளேட் அது. ஒன்றரை வருடம் கழித்து இன்னொரு ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். முதல் ஆபரேஷனைப் பற்றி மாமா அதிகம் பேசுவதில்லை. இரண்டாவதைப் பற்றித்தான் இன்றும் புலம்புவார்: “முறிஞ்ச காலுக்குக் கத்தி வெச்சாங்க, சரி. கூடுன காலுக்கு எதுக்குடா மறுபடியும் கத்தி?” ஒரு திருகாணியின் தலை தேய்ந்து ஸ்க்ரூடிரைவருக்குப் பிடி கொடுக்காமல் போனதில் இரண்டாவது ஆபரேஷன் முதலாவதைவிட இழுத்துவிட்டது. எடுத்த பிறகு எலும்பில் ஏழு துளைகள். அவை தூரும்வரை பாரம் தூக்கக் கூடாது என்றார்கள். அது முதலமடை மாந்தோப்புகளில் காய் இறக்கும் பருவம். அந்த வருடக் குத்தகை மாமாவின் கையை விட்டுப் போனது.

மாமாவின் கேள்வி நூறு வருடத்துக்கும் மேல் பழையது. எலும்பு கூடும்வரை தாங்கிப் பிடித்து, கூடியதும் தானாகக் கரைந்து போகும் உலோகம் ஒன்று கிடைக்காதா என்று அறுவை மருத்துவர்கள் அப்போதிருந்தே தேடிக்கொண்டிருக்கிறார்கள். இன்று அந்த இடத்துக்கு மக்னீசியம், துத்தநாகம், இரும்பு என்று மூன்று உலோகங்கள் போட்டியிடுகின்றன. ஆய்வுகளைப் படித்துக்கொண்டு போகும்போது எனக்கு ஒன்று உறுத்துகிறது. உலோகம் என்ன வேகத்தில் கரைகிறது என்பதை மைக்ரான் சுத்தமாக அளக்கிறார்கள். எலும்பு என்ன வேகத்தில் கூடும் என்பதை எல்லோருக்கும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறார்கள். அட்டப்பாடியிலிருந்து குமுளி வரை கேரள எல்லையோரம் வாழ்பவர்களின் எலும்புகளைப் பார்த்தால் அப்படி எடுத்துக்கொள்ள முடியாது.

முதலில், எவர்சில்வரும் டைட்டானியமும் உள்ளே இருந்தால் என்ன கெட்டுவிடும்? பலருக்கு ஒன்றும் கெடாது. வயதானவர்களுக்குப் பிளேட்டை அப்படியே விட்டுவிடுவதே வழக்கம். இதைச் சொல்லாமல், எல்லா நோயாளிக்கும் இரண்டாவது ஆபரேஷன் காத்திருப்பதுபோல எழுதும் கட்டுரைகள் விற்பனைப் பேச்சுக்குப் பக்கத்தில் போய்விடுகின்றன. ஆனால் இளவயதினருக்கும் தோல் மெல்லியதாக இருக்கும் கணுக்கால் போன்ற இடங்களுக்கும் தொந்தரவு உண்மையானது. எவர்சில்வரின் விறைப்பு ஏறத்தாழ 190 கிகாபாஸ்கல். கெட்டியான எலும்புக்கு 15, 20 இருந்தால் அதிகம். பாரத்தைப் பட்டையே வாங்கிக்கொள்ளும்போது, கீழே இருக்கும் எலும்புக்கு வேலை குறைகிறது. வேலை இல்லாத எலும்பு மெலியும். 1892இல் ஜெர்மானிய மருத்துவர் ஜூலியஸ் வொல்ஃப் வகுத்த விதி இதுதான்: பாரம் விழும் இடத்தில் எலும்பு தன்னைக் கட்டிக்கொள்ளும், விழாத இடத்தில் தன்னைக் கரைத்துக்கொள்ளும். மக்னீசியத்தின் விறைப்பு 45 கிகாபாஸ்கல் அளவுதான். மூன்றில் எலும்புக்கு மிக நெருங்கிய உறவு அதற்கே.

அந்த உறவை முதலில் சோதித்தவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள். 1878இல் எட்வர்ட் ஹ்யூஸ் என்ற மருத்துவர் ரத்தக்குழாயைக் கட்ட மக்னீசியக் கம்பியைப் பயன்படுத்தினார். எலும்புக்கு அதைக் கொண்டுவந்தவர் பெல்ஜியத்தின் ஆல்பின் லாம்போட். 1906இல் 17 வயதுப் பையன் ஒருவனின் கீழ்க்கால் முறிவுக்கு மக்னீசியப் பட்டை வைத்து, அதை எஃகு ஆணிகளால் பொருத்தினார். எட்டே நாளில் பட்டை நொறுங்கிவிட்டது; தோலுக்கடியில் வாயு கட்டிக் கால் வீங்கியது. இரண்டு வேறு உலோகங்கள் உப்புநீரில் தொட்டுக்கொண்டிருந்தால் மின்கலம் உருவாகும், அதில் பலவீனமான உலோகம் அரித்துப் போகும் என்பதை அந்தக் கால் கற்றுக்கொடுத்தது. பிறகு அவருடைய சீடர் வெர்ப்ருக், மக்னீசியத்தை மட்டும் வைத்துச் சிறுவர்களின் முழங்கை முறிவுகளைச் சரிசெய்து காட்டினார். அதற்குள் துருப்பிடிக்காத எஃகு வந்துவிட்டது. மக்னீசியத்தை எல்லோரும் மறந்தார்கள்.

திரும்பக் கொண்டுவந்தது 2005இல் ஜெர்மனியின் ஃபிராங்க் விட்டே குழு. கினிப் பன்றிகளின் தொடை எலும்பில் நான்கு வகை மக்னீசியக் கலவைகளை வைத்து, கரையும் பிளாஸ்டிக் குச்சிகளோடு ஒப்பிட்டார்கள். மக்னீசியம் கரைந்த இடத்தைச் சுற்றிப் புது எலும்பு கூடுதலாக வளர்ந்திருந்தது. உடல் பொறுத்துக்கொண்டால் போதும் என்றுதான் அதுவரை நினைத்தார்கள். எலும்பு அதை விருந்தாகவே எடுத்துக்கொண்டது.

உள்ளே நடப்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். 3 மில்லிமீட்டர் தடிமன், 30 மில்லிமீட்டர் நீளம் கொண்ட ஒரு மக்னீசியத் திருகாணியை மணிக்கட்டு எலும்பில் முடுக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எடை ஏறத்தாழ 0.35 கிராம் இருக்கும். ரத்தமும் திசுநீரும் பட்டதுமே மேற்பரப்பு தண்ணீரோடு சேர்ந்து மக்னீசியம் ஹைட்ராக்சைடாக மாறுகிறது, ஹைட்ரஜன் வாயு வெளியேறுகிறது. அந்த ஹைட்ராக்சைடு ஒரு போர்வைபோல மூடி அரிப்பைத் தடுக்க வேண்டியது. உடலின் உப்பில் இருக்கும் குளோரைடு அதை ஓட்டை போட்டுக்கொண்டே இருக்கிறது. சுற்றிலும் காரத்தன்மை ஏறுகிறது. கார நிலையில் ரத்தத்திலுள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் படிவாக இறங்கித் திருகாணியின் மேல் புதுத் தோலாகப் படிகின்றன. இந்தத் தோல் ஏறக்குறைய எலும்பின் தாதுவேதான். எலும்புகட்டும் செல்கள் வந்து ஒட்ட அதைவிட நல்ல தளம் கிடையாது. எலும்பைத் தின்னும் செல்களுக்கோ வேலை செய்ய அமிலம் வேண்டும். காரம் அவற்றைக் கொஞ்சம் ஒடுக்கி வைக்கிறது.

இதற்கு மேலும் ஒரு வழி இருப்பதை 2016இல் ஹாங்காங் ஆய்வாளர்கள் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் காட்டினார்கள். எலிகளின் தொடை எலும்புக்குள் மக்னீசியக் குச்சி வைத்தால், புது எலும்பு குச்சிக்குப் பக்கத்தில் மட்டுமல்லாமல், எலும்பின் வெளிப்புறத்திலும் முளைத்தது. கரைந்த மக்னீசியம் எலும்பை மூடியிருக்கும் சவ்வின் நரம்பு நுனிகளைப் போய்த் தொடுகிறது, அவை சி.ஜி.ஆர்.பி என்ற புரதத்தை விடுகின்றன. அது சவ்விலுள்ள மூலச் செல்களை எலும்புகட்டிகளாக மாற்றுகிறது. எலும்பு தன் அண்டை வீட்டு நரம்பிடம் கேட்டுக்கொண்டுதான் வளர்கிறது என்பது, இத்தனை காலம் எலும்பை வெறும் கட்டுமானமாகப் பார்த்தவர்களுக்குப் புதிய பாடம்.

வாயு விஷயம்தான் எல்லோரையும் பயமுறுத்துவது. ஒரு கிராம் மக்னீசியம் முழுவதும் கரைந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் ஹைட்ரஜன் வரும். நம் 0.35 கிராம் திருகாணி ஒரு வருடத்தில் கரைந்தால், சராசரியாக நாளுக்கு ஒரு மில்லிலிட்டர். அதை ரத்த ஓட்டம் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு போய்விடும். அதே திருகாணி முதல் மாதத்திலேயே அவசரப்பட்டால் வாயு குமிழாகத் தேங்கி, திருகாணிக்கும் எலும்புக்கும் நடுவே இடைவெளி போடும். கரைந்த மக்னீசியமோ கவலைப்படும் அளவே இல்லை. ஒரு ஆளுக்கு ஒரு நாள் சாப்பாட்டில் தேவைப்படும் அளவே 350லிருந்து 400 மில்லிகிராம். முழுத் திருகாணியும் ஒரு நாள் சோற்றுக்குச் சமம். சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது.

மற்ற இரண்டையும் சீக்கிரம் சொல்லிவிடலாம். துத்தநாகம் வருடத்துக்குச் சில பத்து மைக்ரான்தான் அரிக்கும், வாயு தராது. ஆனால் சுத்தத் துத்தநாகம் மென்மை, கலவை சேர்க்காமல் பாரம் தாங்காது; கரைவது அளவு மீறினால் செல்களுக்கு நஞ்சு. இரும்பு பலசாலி, ஆனால் போகவே போகாது. எலிகளின் தொடை எலும்பில் வைத்த இரும்புக் குச்சிகள் ஒரு வருடம் ஆன பிறகும் பெரிதாகக் கரையவில்லை. கரைந்த கொஞ்சமும் துருவாக அங்கேயே கிடந்தது.

இரும்பின் இந்தச் சோம்பலைப் போக்கும் முயற்சி நம் பக்கத்திலேயே நடக்கிறது. 1990இல் சித்ரா இதய வால்வை மனிதருக்குப் பொருத்திக் காட்டிய திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனமும், ஹைதராபாத்தின் ஏ.ஆர்.சி.ஐ. ஆய்வு மையமும் சேர்ந்து இரும்பு-மாங்கனீசுக் கலவை ஒன்றை உருவாக்கியதாக 2020இல் அறிவித்தன. மாங்கனீசு 29 சதவீதத்துக்கு மேல். காந்தத்துக்கு இழுபடாது, ஆகவே எம்.ஆர்.ஐ. எடுக்கலாம். உடல்நீரை ஒத்த திரவத்தில் வருடத்துக்கு 0.026 முதல் 0.14 மில்லிமீட்டர் வரை அரிக்கிறது. 12 முதல் 24 மாதத்தில் முழுதும் மறையும் என்றது அறிவிப்பு. தாளில் போட்டுப் பாருங்கள். ரத்தக்குழாய் ஸ்டென்டின் கம்பி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு; அதற்கு இந்தக் கணக்கு சரி. மாமா காலில் இருந்ததுபோல 2 மில்லிமீட்டர் பட்டை என்றால், இரண்டு பக்கமும் அதிக வேகத்திலேயே அரித்தாலும் ஏழு வருடம் ஆகும். ஸ்டென்டுக்கான வெற்றியை எலும்புக்கும் சேர்த்துக் கொண்டாடிவிடக் கூடாது.

சென்னை ஐ.ஐ.டி.யில் டி.எஸ். சம்பத்குமார், முகேஷ் டோப்ளே முதலியோர் 2014 வாக்கில் எடுத்த வழி வேறு. மக்னீசியத் தகட்டின் மேல் சுழலும் கருவி ஒன்றை அழுத்தி, உருக்காமலே சூட்டில் பிசைந்தார்கள். பரோட்டா மாஸ்டர் மாவை அடித்துப் பிசைவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். பிசையப் பிசைய உலோகத்தின் மணிகள் பொடியாகின்றன. கூடவே எலும்புத் தாதுவான ஹைட்ராக்சிஅபடைட்டின் நுண்துகளையும் கலந்துவிட்டார்கள். உலோகத்தின் மேல் கால்சியப் படிவு சீக்கிரம் விழும், அரிப்பும் மட்டுப்படும். விலையுயர்ந்த அருமண் உலோகம் எதுவும் சேர்க்காமல் செய்ததால் எனக்கு இந்த வழியின் மேல் ஒரு சாய்வு உண்டு.

மனிதர்களுக்கு வைத்த அனுபவம் இன்னும் சிறியதுதான். 2013இல் ஹனோவர் மருத்துவர்கள் கால் பெருவிரல் கோணலைச் சரிசெய்த 26 பேரில் பாதிப் பேருக்கு மக்னீசியத் திருகாணியும் மற்றவர்களுக்கு டைட்டானியமும் வைத்தார்கள். ஆறு மாதத்தில் இரண்டு தரப்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை. தென்கொரியாவில் மக்னீசியம்-கால்சியம்-துத்தநாகக் கலவையைக் கை, மணிக்கட்டு முறிவுக்கு வைத்த 53 பேரின் முடிவு 2016இல் வெளியானது: ஆறு மாதத்துக்குள் எலும்பு கூடியது, ஒரு வருடத்தில் திருகாணியின் இடத்தை எலும்பு பிடித்துக்கொண்டது. 2023 மார்ச்சில் பின்லாந்து நிறுவனம் ஒன்றின் திருகாணிக்குக் கணுக்கால் முறிவுக்காக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதி தந்தது. பெருவிரல், மணிக்கட்டு, கணுக்கால் என்று எல்லாம் சின்ன எலும்புகள். தொடைக்கும் கீழ்க்காலுக்கும் தேவையான பலம் மக்னீசியத்துக்கு இல்லை. ஆகவே மாமாவின் கேள்விக்கு இன்றைய பதில்: உங்கள் காலுக்கு இன்னும் எவர்சில்வர்தான்.

இனி எலும்பின் பக்கம் வருகிறேன்.

பாலக்காட்டுச் சித்தூர் வட்டாரத்தின் கிழக்குப் பகுதி, அதாவது கொழிஞ்சாம்பாறை, முதலமடை, பெருமாட்டி, கேரளத்தின் மழை மறைவு நிலம். தண்ணீருக்கு ஆழ்துளைக் கிணறு. பாறைக்குள் இறங்க இறங்கத் தண்ணீரில் ஃபுளோரைடு ஏறும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டிய கிணறுகள் இங்கே உண்டு. பல்லில் மஞ்சள் பட்டை விழுந்த பிள்ளைகளை நான் பள்ளிக்கூட வரிசையிலேயே பார்த்திருக்கிறேன். பல்லில் தெரிவது அடையாளம்தான், சேர்மானம் எலும்பில். ஃபுளோரைடு ஏறிய எலும்பு எக்ஸ்ரேயில் வெள்ளைவெளேரென்று கெட்டியாகத் தெரியும். ஆனால் உடையும். 1990இல் அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற 202 பெண்களை வைத்து நடந்த சோதனையில் சோடியம் ஃபுளோரைடு முதுகெலும்பின் அடர்த்தியை 35 சதவீதம் ஏற்றியது. முதுகெலும்பு முறிவு குறையவில்லை, மற்ற எலும்பு முறிவுகள் கூடின. வேடிக்கை என்னவென்றால், மக்னீசியத் திருகாணி அவசரப்பட்டுக் கரையாமல் இருக்க ஆய்வகங்களில் பூசும் பூச்சுகளில் ஒன்று மக்னீசியம் ஃபுளோரைடு. அந்தப் பூச்சிலிருந்து வரும் அளவு அற்பம்தான். ஆனால் முப்பது வருடம் இந்தத் தண்ணீரைக் குடித்த எலும்பில், எலும்பைத் தின்று கட்டும் சுழற்சியே வேறு தாளத்தில் ஓடும்போது, ஹனோவரில் வகுத்த ஆறு மாதக் கணக்கை அப்படியே இறக்குமதி செய்ய எனக்குத் துணிவில்லை.

வடக்கே அட்டப்பாடியில் கதை வேறு. அங்குள்ள பழங்குடிகளிடையே அரிவாள் செல் ரத்தசோகை உண்டு. வளைந்த ரத்தச் செல்கள் தொடை எலும்பின் உச்சிக்குப் போகும் நுண்குழாய்களை அடைத்தால் அந்த எலும்புப் பந்து செத்துப்போகும். இருபது, முப்பது வயதிலேயே நொண்டுவார்கள். சீனாவின் டாலியனில் ஜாவ் தேவெய் குழு இப்படிச் செத்துப்போன இடுப்புப் பந்தில் ரத்தக்குழாயோடு கூடிய எலும்புத் துண்டை ஒட்டி, தூய மக்னீசியத் திருகாணியால் பிடித்துவைத்தது. 48 நோயாளிகளில் திருகாணி வைத்தவர்களுக்கு ஒரு வருடத்தில் நல்ல பலன். ஒட்டுத்துண்டை அசையாமல் பிடிப்பது மட்டுமே அங்கே திருகாணியின் வேலை, முழுப் பாரமும் அதன் தலையில் இல்லை. மக்னீசியத்துக்கு ஏற்ற வேலை அதுதான். ஆனால் அரிவாள் செல் நோயில் அடைப்பு ஒருமுறையோடு நிற்பதில்லை. எலும்பைச் சாகடித்த காரணம் திருகாணி கரைந்த பிறகும் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

இடுக்கி எல்லையில் எலும்பைவிடப் பாதைதான் சிக்கல். போடி, தேவாரம், கம்பம் ஊர்ப் பெண்கள் விடியற்காலையில் ஜீப்பில் நெருக்கி ஏறி போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்ட வேலைக்கு மேலே போகிறார்கள். ஈரச் சரிவில் கால் வழுக்கினால் கையை ஊன்றுவார்கள். மணிக்கட்டு முறியும். தென்கொரியாவில் மக்னீசியம் வெற்றி பெற்ற அதே எலும்பு. ஐம்பது வயதுக்கு மேலான ஒரு தோட்டத் தொழிலாளிக்கு இரண்டாவது ஆபரேஷன் இல்லை என்பது இன்னொரு மாதக் கூலி போகாது என்பதற்குச் சமம். இந்தத் திருகாணியால் யாருக்காவது நிஜமான லாபம் உண்டென்றால் இவர்களுக்குத்தான் என்பது என் கணிப்பு.

ஆனால் முதலுதவி நெடுங்கண்டத்தில் நடக்கும், ஆபரேஷன் க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில். தையல் பிரிப்பது ஊர் சுகாதார நிலையத்தில். இரண்டு மாதம் கழித்து வலிக்கிறது என்று எக்ஸ்ரே எடுப்பது மறுபடியும் மலைமேல். பாலக்காட்டுக்காரர்களுக்கும் இதே நிலைதான். கோயம்புத்தூரில் ஆபரேஷன், சித்தூரில் படம். மக்னீசியத் திருகாணி கரையும் மாதங்களில் எக்ஸ்ரேயில் அதைச் சுற்றி ஒரு கருவளையம் தெரியும். வாயுவும் இன்னும் தாது ஏறாத புது எலும்பும் சேர்ந்த நிழல் அது. நாள் போகப் போகப் பெரும்பாலும் தூர்ந்துவிடும். டைட்டானியத் திருகாணியைச் சுற்றி அதே வளையம் தெரிந்தால் அர்த்தம் வேறு: திருகாணி தளர்ந்துவிட்டது, அல்லது சீழ் பிடித்திருக்கிறது, திறந்து பார். ஃபுளோரைடு எலும்பு எக்ஸ்ரேயில் நன்றாகத் தெரிந்து ஏமாற்றும், மக்னீசியம் கெட்டதாகத் தெரிந்து ஏமாற்றும். படத்தைப் பார்க்கும் மருத்துவர் ஆபரேஷன் செய்தவராக இல்லாதபோது, எந்த உலோகம் வைத்தார்கள் என்று தெரியாமல் அந்த வளையத்தைச் சரியாகப் படிக்க வழியே இல்லை.

மாமாவின் டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துப் பார்த்தேன். பாட்டிலோடுதான் பத்திரமாக வைத்திருக்கிறார். இம்ப்ளான்ட் என்ற வரிக்கு நேரே எழுதியிருந்தது இரண்டே சொல்: பிளேட், ஸ்க்ரூ. என்ன உலோகம், எந்தக் கம்பெனி, என்ன அளவு, எதுவும் இல்லை. எவர்சில்வராக இருந்ததால் அது போதுமானதாக இருந்தது.